பாளையில் ஊறும் பானம்: கள்ளின் கதையும் பதநீரின் கணக்கும்

தேங்காய் விலை இறங்கும் போதெல்லாம் பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னை விவசாயிகள் ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். "காயாக விற்றால் வெட்டுக்கூலிக்கும் உரிகூலிக்கும்கூடக் கட்டுப்படியாகவில்லையே, பாளையைச் சீவினால் என்ன?" என்பதே அக்கேள்வி. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வீசிய கஜா புயல் வேதாரண்யம், முத்துப்பேட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு நட்ட கன்றுகள் இப்பொழுது பல தோப்புகளில் பாளை விட்டு நிற்கின்றன. ஆகவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் அதே பாளையிலிருந்து புளிக்காத பதநீரும் நீராவும் இறக்க விதிமுறைகளுக்கு உட்பட்டு வழி உண்டு. ஒரே சாறு, ஒரு பக்கம் குற்றமாகவும் இன்னொரு பக்கம் வருமானமாகவும் நிற்கிறது.

சோழநாட்டுப் பழக்கம்

கள் நம் பகுதிக்கு நேற்று வந்த பானம் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகர வீதிகளில் பறந்த பலவகைக் கொடிகளைச் சொல்லும் இடத்தில் கள் விற்கும் இடத்தில் கட்டிய கொடியையும் சேர்த்தே சொல்கிறது. சோழர் காலச் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' என்று ஒரு வரி வருகிறது. கள் இறக்குவதற்காக வாங்கிய வரி அது. பிராமணர்களுக்கோ கோயிலுக்கோ ஓர் ஊரைத் தானமாக விடும்போது, அவ்வூர்த் தெங்கிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறக்கூடாது என்று நிபந்தனை எழுதிய செப்பேடுகளும் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கம் பாளையின் மேல் ஒரு கண் வைத்திருந்தது என்பது இதனால் விளங்கும். பின்னால் வந்த ஆங்கிலேயர்களும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அதையே விரிவுபடுத்திக் கொண்டனர்.

நெல் விளையும் நாட்டில் நெல்லிலிருந்தும் பானம் செய்தார்கள். பட்டினப்பாலையைப் பாடிய அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இதன் செய்முறையே இருக்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, அதில் முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முதிர்ந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். வீட்டிலேயே காய்ச்சிய இந்த அரிசிக் கள்ளுக்குத் தோப்பி என்று பெயர்.

முளைகட்டிய தானியத்தை ஏன் சேர்க்க வேண்டும்? அரிசியில் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்து நேரடியாகப் புளித்து மதுவாகாது. தானியம் முளைவிடும்போது அதில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயச் சத்தாக மாற்றுகிறது. இந்த நுட்பத்தை நம் முன்னோர் கையனுபவத்தில் கண்டறிந்திருந்தனர்.

மக்காச்சோளக்காரர்கள் கண்ட வழி

இதே நுட்பத்தைக் கொண்டு அமெரிக்க விவசாயிகள் செய்த பானம்தான் இன்று உலகமெங்கும் விற்கும் பூர்பன் விஸ்கி. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கென்டக்கி, மேற்கு பென்சில்வேனியா போன்ற மலைப்புறப் பகுதிகளில் குடியேறிய சிறு விவசாயிகளிடம் தானியம் மிகுந்திருந்தது; சாலை இல்லை. மலை தாண்டிக் குதிரை மேல் மூட்டையை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போனால் சுமைகூலிக்கே விலை சரியாகிவிடும். வீட்டில் வைத்தாலோ எலியும் வண்டும் தின்றுவிடும். ஆகவே அவர்கள் மக்காச்சோளத்தைக் கூழாகக் காய்ச்சி, முளைகட்டிய பார்லி மாவைக் கலந்து, மூன்று நான்கு நாள் புளிக்கவைத்து, வடித்து எடுத்தார்கள். பல மூட்டைத் தானியத்தின் விலை ஒரு பீப்பாய்க்குள் அடங்கியது. எஞ்சிய சக்கையை மாட்டுக்கும் பன்றிக்கும் வைத்தார்கள். 1791இல் மத்திய அரசு அதற்கு வரி போட்டபோது பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1794இல் ஜனாதிபதி வாஷிங்டன் படையை அனுப்பி அடக்க வேண்டி வந்தது. அந்த விவசாயிகளுக்கு விஸ்கி என்பது உல்லாசம் அல்ல, தானியக் களஞ்சியம்.

பிறகு வியாபாரிகள் கைக்குப் போனதும் கலப்படம் புகுந்தது. வெறும் சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்து விஸ்கி என்று விற்றார்கள். 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது நான்கு ஆண்டு அரசுக் கண்காணிப்புள்ள கிடங்கில் வைத்திருந்த சரக்குக்குத் தனி முத்திரை கொடுத்தார்கள். இன்றுள்ள விதிப்படி, தானியத்தில் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் மக்காச்சோளம் இருந்தால்தான் பூர்பன் என்று பெயர் போட முடியும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டது. இடையில் 1920 முதல் 1933 வரை அங்கும் மதுவிலக்கு இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நாம் கவனிக்க வேண்டியது அந்த 51 பங்கு என்ற விதியைத்தான். இன்றும் மலிவான புட்டியாக இருந்தாலும் சரி, விலை உயர்ந்த புட்டியாக இருந்தாலும் சரி, அதன் பாதிக்கு மேல் ஒரு மக்காச்சோள விவசாயியின் வயலிலிருந்து வந்தே தீர வேண்டும். நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. பெயர் தானியத்தின் பெயர், சரக்கு வேறு.

கள் ஏன் மலிவு?

கள்ளின் கதை இதற்கு நேர் எதிர். பனையிலும் தென்னையிலும் சுரக்கும் சாற்றில் ஏற்கெனவே நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை இருக்கிறது. கூழ் காய்ச்ச வேண்டாம், முளை மாவு வேண்டாம், விறகு வேண்டாம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கும்போது லேசான இனிப்பும் நுரையுமாக இருக்கும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து ஏறும். கடைகளில் விற்கும் விஸ்கி, பிராந்தியில் இது ஏறத்தாழ 43 பங்கு. மாலையில் புளிப்பு ஏறும். மறுநாள் அது காடி.

ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதுதான் கள் மலிவாக இருந்ததன் இரகசியம். பதுக்க முடியாது, வெளியூருக்கு அனுப்ப முடியாது, இடைத்தரகர் வாங்கி வைத்து விலை ஏற்ற முடியாது. மரம் இருக்கும் ஊரிலேயே, இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். நடவும் அறுவடையும் முடித்து வரும் கூலிக்காரர் கையில் இருக்கும் காசுக்கு அது கிடைத்தது. அதோடு சுட்ட கருவாடோ நண்டுக் குழம்போ சேர்ந்தால் போதும். ஆப்ப மாவைப் புளிக்க வைக்க ஒரு கரண்டி கள் விட்ட வீடுகளும் உண்டு. சோடா உப்புப் போட்ட ஆப்பத்துக்கு அந்த மென்மை வராது என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த ஒரு நாள் ஆயுளே கலப்படத்துக்கும் வாசலைத் திறந்தது. கடையில் கூட்டம் அதிகம், மரத்திலிருந்து வந்ததோ கொஞ்சம் என்றால், குத்தகைக்காரர் தண்ணீரைச் சேர்ப்பார். தண்ணீர் சேர்த்தால் போதை குறையும். அதை ஈடுகட்டக் குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்தைச் சேர்ப்பார். ஆந்திரத்திலும் கேரளத்திலும் இந்தக் கலப்படம் பலமுறை பிடிபட்டுள்ளது. மரத்தில் ஏறியவரோ தோப்புக்காரரோ இதைச் செய்வது அரிது. ஏலத்தில் பெரும்பணம் கட்டிக் கடை எடுத்தவர்களின் வேலை இது. ஆனாலும் பழி மரத்தின் மேல் விழுந்தது.

தடையும் தளர்வும்

சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தினார்கள், 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் மூடினார்கள். 1981இல் மீண்டும் திறந்தார்கள்; 1987 முதல் மூடல். ஒரு தென்னை காய்ப்புக்கு வந்து ஓய்வதற்குள் சட்டம் இத்தனை முறை மாறியிருக்கிறது. இதை நம்பி எந்த விவசாயி ஒரு தொழிலை நிலைநிறுத்த முடியும்?

டெல்டாவுக்கு உள்ளேயே இன்னொரு விசித்திரமும் உண்டு. புதுச்சேரி அரசுக்கு உட்பட்ட காரைக்காலில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. வாய்க்கால் ஒன்றுதான், மண் ஒன்றுதான். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கத்து மரத்தில் கட்டினால் வழக்கு. தடையை நீக்கக் கோரித் தமிழ்நாடு கள் இயக்கம் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூலியில் பாதியைக் கடையில் விட்டு வரும் வீட்டில் அடுப்பு எரியாது. அது கள்ளுக்கடையானாலும் பிராந்திக் கடையானாலும் ஒன்றே. மதுவிலக்கை வேண்டிய தாய்மார்களின் குரலில் பொய் இல்லை. கள் மருந்து, கள் சத்துணவு என்று மேடையில் பேசுவோரை அப்படியே நம்பிவிட வேண்டாம். இறக்கும்போது சாற்றில் இருந்த சர்க்கரை கள்ளாகும்போது பெரும்பாலும் சாராயச் சத்தாகி விடுகிறது. அதே சமயம், கள்ளையும் கள்ளச்சாராயத்தையும் ஒன்றாகப் பேசுவதும் தவறு. முன்னது புளித்த சாறு. பின்னது திருட்டுத்தனமாகக் காய்ச்சியது அல்லது கலந்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். பாளையில் மெத்தனாலை யாரும் இறக்குவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். 1970களிலிருந்து அங்கே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. மரம் ஏறும் தொழிலாளியே சங்க உறுப்பினர். இறக்கிய கள்ளைச் சங்கத்தில் அளந்து ஊற்றுகிறார். மிஞ்சுவதைப் புட்டியில் அடைக்கவும் வடிக்கவும் ஏற்பாடு உண்டு. இடையில் ஏலக்காரர் இல்லை. நம் பக்கத்தில் சட்டம் மாறும் காலம் வந்தால், ஏலக்கடை முறை மட்டும் திரும்பி வரக்கூடாது என்பது இதை எழுதுபவரின் அபிப்பிராயம்.

நமக்கு எது களஞ்சியம்?

மக்காச்சோள விவசாயிக்குப் பீப்பாய் எப்படியோ, நம் பாளைச் சாற்றுக்கு அப்படி ஒரு களஞ்சியம் வேண்டும். கள் அந்தக் களஞ்சியம் அல்ல. அது மாலைக்குள் முடிந்துவிடுகிறது. சாற்றின் சர்க்கரையை மாதக்கணக்கில் காப்பது கருப்பட்டியும் தென்னஞ்சர்க்கரையும்தான். இவற்றுக்குச் சட்டத் தடையும் இல்லை. பனை மரத்துக்குக் கருப்பட்டி பழகிய வழி. தென்னைக்குப் புதிது.

பத்து லிட்டர் பதநீரில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரைச் சத்து அடங்கியுள்ளது. நல்ல தென்னை ஒன்று நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சாறு தரும். ஆறு மாதம் சீவினால் முந்நூறு லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். அதே ஆறு மாதத்தில் அந்த மரம் நாற்பது ஐம்பது காய் கொடுத்திருக்கும், அதை இழக்கிறோம். முந்நூறு லிட்டரின் மதிப்பும் ஐம்பது காயின் மதிப்பும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. ஆனால் இதில் மறைந்திருக்கும் செலவு ஏறும் கூலி. காய்க்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒரு தடவை ஏறினால் போதும். பாளைக்குக் காலையும் மாலையும் தினந்தோறும் ஏற வேண்டும். ஒருவர் பத்துப் பன்னிரண்டு மரத்துக்கு மேல் பார்ப்பது கடினம். ஏறத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். வரப்பு ஓரம் ஐந்தாறு மரம் வைத்திருப்பவருக்குத் தனியாக இது கட்டாது. பக்கத்துத் தோப்புகள் நான்கைந்து சேர்ந்தால்தான் ஓர் ஆளுக்கு முழு வேலை கொடுக்க முடியும். குட்டை ரகங்களும் நெட்டை குட்டை ஒட்டு ரகங்களும் ஏறுவதற்குச் சுலபம். முதிர்ந்த நெட்டை மரங்களைக் காய்க்கே விட்டுவிடலாம். தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட மரத்தில் பாளை சீவ வேண்டாம்.

இறக்கும் முறை

வெடிக்காத இளம்பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி வர வேண்டும். சாறு ஒழுங்காக வடிய இரண்டு வாரம் போல் ஆகும். அவசரப்பட்டு ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மெல்லிய சீவலே போதும்.

பதநீர் கள்ளாகாமல் தடுப்பது கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு. சுத்தமான கல் சுண்ணாம்பை நீர்த்து வடிகட்டிப் பூச வேண்டும். குறைத்துப் பூசினால் நுரைத்து வரும், அதிகம் பூசினால் நாக்கைப் பிடிக்கும். கலயத்தைத் தினமும் கழுவி வெயிலில் காயவைப்பது சுண்ணாம்பைப் போலவே முக்கியம்; நேற்றைய கசடு ஒட்டியிருந்தால் ஈஸ்ட் அங்கேயே குடியிருக்கும். சூரியன் ஏறும் முன் இறக்கி, துணியில் வடிகட்டி, உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். பத்து மணிக்குக் காய்ச்சலாம் என்று நிழலில் வைத்தால் கருப்பட்டி இறுகாது, பாகு இழுத்துக்கொண்டே நிற்கும்.

சுண்ணாம்பைத் தெளியவைக்க உர மூட்டையிலிருந்து சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போடும் பழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. இது கூடவே கூடாது. உரத்தில் உள்ள அசுத்தங்கள் உண்ணத் தக்கவை அல்ல. சாற்றை ஆறவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்துக் காய்ச்சுவதே போதுமானது.

சுண்ணாம்பே இல்லாமல் இறக்கும் முறையைக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துள்ளது. பாளை நுனியை, பனிக்கட்டி வைத்த குளிர்ப்பெட்டிக்குள் செருகிவிடுகிறார்கள். சாறு விழும்போதே குளிர்ந்து விடுவதால் புளிப்பதில்லை. பொன்னிறத்தில் தேன் போன்று இருக்கும் இதற்குக் கல்பரசா என்று பெயரிட்டுள்ளனர். பனிக்கட்டிச் செலவு உண்டு என்பதால் குழுவாகச் செய்வோருக்கே இது ஏற்றது.

அனுமதி விஷயத்தில் அசட்டை கூடாது. தென்னை நீரா இறக்கத் தமிழக அரசு 2017இல் விதிகள் வகுத்தது. தென்னை உற்பத்தியாளர் கூட்டமைப்பு, நிறுவனம் வழியாகவே அனுமதி பெற வேண்டும். தனி ஆளாகக் கலயம் கட்டிவிட்டு, "நீராதான் இறக்கினேன்" என்றால் புளித்த சாறு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். மாவட்ட மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் பெற்ற பிறகே பாளையில் கத்தி வைக்கவும். பனை வைத்திருப்போர் கவனத்துக்கு இன்னொன்று: 2021 முதல் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை மரத்தை வெட்டக் கூடாது. செங்கல் சூளைக்காரர் விலை பேச வந்தால் இதைச் சொல்லி அனுப்பிவிடலாம்.

தென்னையில் ரகத் தேர்வு, வாடல் நோய் பற்றிய சந்தேகங்களுக்குப் பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். கடற்கரை ஓரப் பனைகளில் தை, மாசியில் பாளை தெரியத் தொடங்கும். கலயம், கயிறு, சுண்ணாம்பு, அடுப்பு ஆகியவற்றை மார்கழியிலேயே தயார் செய்து கொள்வது நல்லது. ஏறும் ஆளிடம் அதற்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.